சிவில் படித்தவர்கள் பல்கலைக்கழகத் தலைமைக்குப் போனால் பொறியியல் கைவிட்டுப் போகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கரிசல்மண் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். தென்மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறையில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். மண்ணியல்தான் என் பாடம். வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு, சனிக்கிழமை முழுக்க ஆய்வகம். சுற்றுவட்டாரத்தில் பள்ளிக்கூடமோ மேல்நிலைத் தொட்டியோ கட்டப் போகிறவர்கள் மண் மாதிரியை எங்களிடம்தான் கொண்டுவருவார்கள். இது கரிசல் பூமி. மழைக்கு ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். இதன்மேல் அஸ்திவாரம் எப்படிப் போட வேண்டும் என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பேன். நாலைந்து வருடம் கழித்து பஸ்ஸில் போகும்போது அந்தக் கட்டடம் கண்ணில் படும். சுவரில் விரிசல் இல்லை என்று பார்த்தால் அன்றைக்கு முழுக்க மனது நிறைந்திருக்கும்.

இப்போது நிர்வாகம் என்னை முதல்வர் பொறுப்பை ஏற்கச் சொல்கிறது. ஜூன் மாதம் சேர வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

நான் முன்பு வேலை பார்த்த கல்லூரியில் ஒரு முதல்வர் இருந்தார். நல்ல ஆராய்ச்சியாளராக இருந்தவர். பதவிக்கு வந்த மூன்றாவது வருடம், ஆய்வகத்துக்கு, மண்ணை எல்லாப் பக்கமும் அழுத்தி அதன் வலுவைப் பார்க்கும் புது மூவச்சு அழுத்தச் சோதனைக் கருவி ஒன்று கேட்டுப் போனேன். கோப்பைத் திறக்காமலே, "இதனால் எத்தனை அட்மிஷன் கூடும்?" என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலி அவரை அப்படி ஆக்கியிருந்தது. எனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்பதுதான் பயம்.

என் கேள்வி இதுதான். சிவில் பொறியாளராகத் தொடங்கி, பல்கலைக்கழகத் தலைமை வரை போனவர்கள் யார் யார்? அங்கே போன பிறகு அவர்களுடைய பொறியியல் எதற்காவது பயன்பட்டதா, இல்லை பெயருக்கு முன்னால் இருக்கும் பட்டமாக நின்றுவிட்டதா? பொதுவான ஊக்க வார்த்தைகள் வேண்டாம். உண்மையான ஆட்கள், உண்மையில் அவர்கள் செய்தது, அதைச் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை பதில்:

மேடம், உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒரே பெயர்தான் நினைவுக்கு வந்தது. மு. ஆனந்தகிருஷ்ணன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவரை நான் நேரில் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் அவர் போட்ட வழியில் நடந்துதான் நான் பொறியாளர் ஆனேன்.

எனக்கு வாணியம்பாடி பக்கம் ஊர். அவரும் வாணியம்பாடிக்காரர், 1928இல் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படித்து 1952இல் பி.இ. முடித்தார். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், 1960. அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்து டெல்லியில் மத்திய சாலை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். நான் நெடுஞ்சாலைத் துறையில் இருப்பவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: அவர் முதலில் சாலைக்காரர். பிறகு ஐஐடி கான்பூர். அந்த நிறுவனம் அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. 1974 வரை அங்கே பேராசிரியர், டீன் என்று பத்து வருடத்துக்கு மேல் இருந்தார். அதற்குப் பிறகு வாஷிங்டனில் இந்தியத் தூதரகத்தில் அறிவியல் ஆலோசகர், அங்கிருந்து நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் அறிவியல் தொழில்நுட்பப் பிரிவு. அந்த வருடங்களைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்லத் தெரியாது. எனக்கு முக்கியம் 1990தான். அறுபது வயதைக் கடந்துவிட்டவர், ஐ.நா.வில் வேலை முடித்தவர், சென்னைக்குத் திரும்பி அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். 1996 வரை இரண்டு முறை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அந்தக் காலத்தில் பொறியியல் சேர்க்கை எப்படி இருந்தது என்று எங்கள் வீட்டுக் கதையிலிருந்து சொல்கிறேன். 1980களின் நடுவில் தமிழ்நாட்டில் சுயநிதிக் கல்லூரிகள் வரத் தொடங்கின. என் பெரியப்பா மகன் 1989இல் பிளஸ் டூ முடித்தார், நல்ல மதிப்பெண். பெரியப்பாவுக்குத் தோல் தொழிற்சாலையில் வேலை. அரசு கல்லூரியில் கொஞ்சத்தில் இடம் தப்பியது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு தனியார் கல்லூரிக்குப் போனார்கள். வாசலில் ஓர் இடைத்தரகர். அவர் கேட்ட நன்கொடைக்கு வீட்டை விற்றாலும் பத்தாது. இரண்டு பேரும் அன்றைக்கே திரும்பி வந்துவிட்டார்கள். அண்ணன் பி.எஸ்ஸி. கணிதம் படித்து நல்ல ஆசிரியராகத்தான் இருக்கிறார். ஆனால் பெரியப்பா சாகும்வரை அந்த வாசலில் நின்றதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

1993இல் உச்ச நீதிமன்றம் உன்னிகிருஷ்ணன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நன்கொடை வாங்கக் கூடாது, தனியார் தொழிற்கல்லூரிகளிலும் பாதி இடங்கள் தகுதிப்படி, அரசுக் கட்டணத்தில் என்றது. தீர்ப்பு சரி. அதை யார், எப்படி நடத்துவது? இங்கேதான் ஆனந்தகிருஷ்ணன் வருகிறார். தமிழ்நாட்டில் ஒற்றைச் சாளர முறைக்கு வழிபோட்டவர் அவர்தான். ஒரே விண்ணப்பம், ஒரே தரவரிசை, ஒரே இடத்தில் கலந்தாய்வு.

சாலைக்காரன் கண்ணோடு பாருங்கள். ஒரு சந்திப்பில் எல்லாப் பக்கமிருந்தும் வண்டிகள் முட்டிக்கொள்கின்றன. பலம் உள்ளவன் நுழைந்து போகிறான், சைக்கிள்காரன் ஓரத்தில் நிற்கிறான். "ஒழுங்காகப் போங்கள்" என்று போர்டு வைத்து ஒன்றும் ஆகாது. யார் முதலில், யார் அடுத்து என்பதைப் பாதையின் அமைப்பே தீர்மானிக்கும்படி சந்திப்பைக் கட்ட வேண்டும். ஒற்றைச் சாளரம் அப்படிக் கட்டப்பட்டது. ஒருவர் நல்லவரா, இரக்கம் உள்ளவரா என்பதை அது நம்பியிருக்கவில்லை. ரேங்க் வரிசையில் உங்கள் முறை வரும், அப்போது திரையில் மிச்சம் இருப்பது எதுவோ அது உங்களுடையது. இரண்டு பேருக்கு எல்லா மதிப்பெண்ணும் சமமாக இருந்தால்கூட என்ன செய்வது என்று யோசித்து, ரேண்டம் எண் கொடுத்து வைத்திருந்தார்கள். யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டிய இடம் அதில் எங்கேயுமே இல்லை.

என் முறை 2001இல் வந்தது. அப்போது நுழைவுத் தேர்வு இருந்தது. கணிதம் நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது, நுழைவுத் தேர்வு நூறு, மொத்தம் முந்நூறுக்குக் கட்-ஆஃப். அப்பா படிக்காதவர். ஜோலார்பேட்டையில் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்துக் கிண்டி போனோம். அப்பா ஒரு மஞ்சள் பையில் சான்றிதழ், இன்னொரு பையில் புளிசாதம் வைத்திருந்தார். சட்டைக்கு உள்பக்கம் கொஞ்சம் பணத்தை ஊக்குப் போட்டுக் குத்தியிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "யாராவது கேட்டால் கொடுக்கணும்ல" என்றார். பெரியப்பா நின்ற வாசல் அவர் மனதில் இருந்தது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்ததும் அப்பா செருப்பைக் கழற்றப் போனார். நான்தான் தடுத்தேன். பெரிய கூடம், வரிசையாக நாற்காலி. திரையில் கல்லூரி பெயர், பாடப்பிரிவு, எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டே இருந்தது. யாராவது உள்ளே ஒரு இடத்தை எடுத்தால் வெளியே எண் ஒன்று குறையும். அப்பாவுக்குக் கல்லூரிப் பெயர்களைப் படிக்க வராது, எண்களைப் படிக்க வரும். "சேலத்துல நாலு இருந்துச்சு, மூணாயிடுச்சு, சீக்கிரம் கூப்பிட மாட்டாங்களா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். உள்ளே கணினிக்கு முன்னால் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். "எந்தக் காலேஜ் தம்பி?" சேலம் அரசினர் பொறியியல் கல்லூரி, சிவில் என்றேன். மூன்று நிமிடம் இருக்கும். கையில் ஒதுக்கீட்டு ஆணை. அப்பா சட்டைக்குள் குத்தியிருந்த பணத்தை யாருமே கேட்கவில்லை. திரும்பி வரும்போது அந்தப் பணத்தில் மூர்மார்க்கெட் பக்கம் எனக்கு ஒரு கால்குலேட்டர் வாங்கிக் கொடுத்தார். இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த மூன்று நிமிடத்துக்குப் பின்னால் யார் இருந்தார் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. வேலைக்கு வந்து பல வருடம் கழித்துத்தான் அவர் யார், எங்கள் ஊர்க்காரர், சிவில் பொறியாளர் என்றெல்லாம் தெரிந்துகொண்டேன்.

அவர் அதோடு நிற்கவில்லை. நுழைவுத் தேர்வு கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தடையாக இருக்கிறதா என்று பார்க்க 2006இல் அரசு அமைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். அதன் பிறகு 2007 முதல் நுழைவுத் தேர்வே இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணில் சேர்க்கை நடந்தது. இந்தத் தளத்தில் பாதிப் பேர் தமிழ்99 விசைப்பலகையில் எழுதுகிறீர்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அதைத் தரப்படுத்திய பணியிலும் தலைமை அவருடையது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம், ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக வரும். இதிலும் எனக்கு அந்தச் சாலைக்காரர்தான் தெரிகிறார். விரல் குறைவாக அலைய வேண்டும் என்று பாதை போட்டிருக்கிறார்கள்.

2017இல் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடத்திட்டத்தை மாற்ற அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர். அப்போது அவருக்கு 89 வயது. 2021 மே மாதம் கொரோனாவில் போய்விட்டார்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான், மேடம். ஆய்வகத்துக் கருவி அவர் கையை விட்டுப் போயிருக்கும், அது நிச்சயம். ஆனால் பொறியியல் போகவில்லை. என் அப்பாவின் மஞ்சள் பை வரைக்கும் அது வந்து சேர்ந்தது.

கிண்டிமாணவன் 07 பதில்:

அண்ணா எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒற்றைச் சாளரம் வாசலை நேராக்கியது. வாசலுக்கு உள்ளே இருந்ததை அது மாற்றவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் மாநிலத்தில் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. திரையில் எல்லாம் ஒரே அளவு எழுத்தில்தான் ஓடும். எதில் ஆசிரியர் இருக்கிறார், எதில் ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறது என்று என் தங்கைக்கு அந்தத் திரை சொல்லவில்லை. அவள் பெயரைப் பார்த்து எடுத்த கல்லூரியில் நான்கு வருடமும் சர்வேயிங் கருவியைத் தொட்டதே இரண்டு முறைதான்.

கரிசல்மண் மேடம் முதல்வர் ஆனால் அந்தப் பூட்டைத் திறக்கிறவராக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மண் ஆய்வகத்தில் சனிக்கிழமை நிற்கிற ஒருவர் அந்த நாற்காலிக்கு வருவது எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை.

பாலாற்றங்கரை பதில்:

தம்பி, நீங்கள் சொல்வது சரி. நானும் அதை எழுதியிருக்க வேண்டும். சாலையைப் போட்டவரே சாலை போய்ச் சேருகிற ஒவ்வொரு ஊரையும் கட்ட முடியாது என்று வாதாடலாம், ஆனால் உங்கள் தங்கையின் நான்கு வருடத்துக்கு அது பதில் ஆகாது. சேர்க்கை வேறு, தரம் வேறு. இரண்டாவது வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

அமராவதி மதகு பதில்:

நான் ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைக்காரன், பாசனப் பிரிவு. கரூர் மாவட்டம். பாலாற்றுத் தம்பி தன் ஊர்க்காரரைச் சொன்னார், நான் என் ஊர்க்காரரைச் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

1990இல் ஆனந்தகிருஷ்ணன் உட்கார்ந்த நாற்காலியில் அதுவரை இருந்தவர் யார் தெரியுமா, அம்மா? அவரும் சிவில்தான். வா.செ. குழந்தைசாமி. கரூர்ப் பக்கம் வாங்கலாம்பாளையம். 1981 முதல் 1990 வரை அண்ணா பல்கலைக்கழகத்தை நடத்தியவர். அதற்கு முன்னால் மதுரை காமராசர் பல்கலைக்கழகம், பின்னால் டெல்லியில் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்.

அவர் நீரியல்காரர். கரக்பூர் ஐஐடியில் படித்துவிட்டு, அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1964இல் முனைவர் பட்டம் வாங்கினார். ஓர் ஆற்றுப் படுகையில் மழை பெய்கிறது. அந்த மழை எவ்வளவு நேரம் கழித்து, எவ்வளவு வேகத்தில் ஆற்றில் வெள்ளமாக வந்து சேரும்? இதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. மழையும் வெள்ளமும் நேர்விகிதத்தில் போகாது. இரண்டு மடங்கு மழைக்கு இரண்டு மடங்கு வெள்ளம் என்று கணக்குப் போட்டு மதகு கட்டினால் உடைத்துக்கொண்டு போய்விடும். இதை நான் வேலையில் சேர்ந்த மூன்றாவது வருடம் ஒரு ஏரிக்கரையில் கண்ணால் பார்த்தேன். படுகை தண்ணீரைத் தேக்கி வைத்து விடுகிறது, அந்தத் தேக்கமும் வரத்துக்கும் போக்குக்கும் ஏற்ப மாறுகிறது என்று வைத்து அவர் எழுதிய சமன்பாடு ஒன்று உண்டு. 1971இல் அவரும் அவருடைய பேராசிரியர் வென் தே சௌவும் சேர்ந்து பொது நீரியல் அமைப்பு மாதிரி என்று வெளியிட்டார்கள். உலகம் முழுக்க நீரியல் மாணவர்கள் படிக்கும் பாடத்தில் அது இன்றைக்கும் இருக்கிறது. எங்கள் பையன் ஒருவனின் பெயர் அங்கே இருக்கிறது என்று நான் இளைஞனாக இருந்தபோது எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

அவர் கவிஞரும்கூட. குலோத்துங்கன் என்ற பெயரில் எழுதினார். வள்ளுவத்தைப் பற்றிய நூலுக்கு 1988இல் சாகித்திய அகாதெமி பரிசு, அதுவும் துணைவேந்தராக இருந்தபோதே. தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு விடாமல் வாதாடினார். கு, சு, டு, து என்று உகரம் ஒவ்வொரு எழுத்தோடும் ஒவ்வொரு மாதிரி ஒட்டிக்கொள்கிறதே, அதற்கு ஒரே குறி வைத்தால் குழந்தை கற்க வேண்டிய வடிவங்கள் எவ்வளவு குறையும் என்று கேட்டார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, நம் எழுத்து இருக்கிறபடியே அழகாக இருக்கிறது. ஆனால் கேட்ட விதத்தைப் பாருங்கள்: ஒரு சுமை இருக்கிறது, தூக்குவது குழந்தை, எவ்வளவு குறைக்கலாம்? 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் நிறுவனத் தலைவரும் அவரே. வெளிநாட்டில் இருக்கும் என் பேத்தி அதில்தான் தமிழ் எழுதப் படித்தாள்.

2016 டிசம்பரில் காலமானார்.

வடமராட்சிக் காற்று பதில்:

வணக்கம் சகோதரி. நான் யாழ்ப்பாணத்தவன், இப்போது கனடாவில் இருக்கிறேன். நீங்கள் மண்ணியல் படிப்பிக்கிறவர் என்றபடியால் இந்தப் பெயர் உங்களுக்குப் பாடத்திலிருந்தே தெரிந்திருக்கும். துரைராஜா.

ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா மூவரும் 1963இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை. களிமண் சுமைக்குக் கீழ் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிடும் கேம் களி (Cam clay) மாதிரியை நீங்கள் மாணவர்களுக்குக் கரும்பலகையில் போடும்போது வருகிற அதே துரைராஜாதான். அழகையா துரைராஜா, வடமராட்சியில் பிறந்து, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியலில் முதல் வகுப்பில் தேறி, கேம்பிரிட்ஜுக்குப் போனவர். அங்கே ரோஸ்கோவிடம் ஆய்வு. களிமண்ணை வெட்டும் விசையில் வைத்து, உள்ளே போகிற சக்தி எங்கே செலவாகிறது என்று சோதனை முடிவுகளை வைத்துக் கணக்குப் பார்த்தார். துணிக்கைகளுக்கு இடையிலான உராய்விலேயே அது தீர்கிறது என்ற அவருடைய கண்டுபிடிப்பில்தான் மூல கேம் களி மாதிரி நிற்கிறது.

பிறகு பேராதனையில் பொறியியற் பீடாதிபதி. 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். எந்தக் காலம் என்று பாருங்கள். இந்திய இராணுவம் நின்ற காலம் அது. முதல் வருடம் கடந்ததும், 1989 செப்டெம்பர் 21, மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம வளாகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990இல் திரும்பவும் யுத்தம். பொருளாதாரத் தடை. மின்சாரம் நின்றது. பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் தங்க விலை.

நான் 1991இல் விஞ்ஞான பீடத்துக்குள் நுழைந்தவன். இரவில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு போட்டு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரியைக் கொளுத்திப் படிப்போம். வானொலி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவன் மிதிக்க, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் செய்தி கேட்போம். அந்த நாட்களில் துணைவேந்தரும் சைக்கிளில்தான் வருவார். காலை வேளையில் பலாலி வீதியில் எங்களோடு எங்களாக மிதித்துக்கொண்டு போவார். முதலாம் வருடத்துப் பெடியன் ஒருவன் அவரை யாரென்று தெரியாமல் வழி விடச் சொல்லி மணி அடித்ததை நான் கண்டேன். விலகி வழி விட்டார்.

உங்கள் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். அவருடைய பொறியியல் பயன்பட்டதா? கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் செய்த மாதிரி ஒரு பரிசோதனைகூட யாழ்ப்பாணத்தில் அவர் செய்திருக்க முடியாது. அந்த வளாகத்தில் அப்போது பொறியியற் பீடமே இல்லை. அவர் மறைந்து இருபது ஆண்டுகள் அளவில்தான் கிளிநொச்சியில் அது வந்தது. உலகம் அறிந்த ஒரு மண்ணியலாளர் தன் கடைசி ஆண்டுகளைத் தன் பாடமே இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தைத் திறந்து வைத்திருப்பதில் கழித்தார். அதை இழப்பு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். வகுப்பு நடந்தது, பரீட்சை நடந்தது. 1990இல் விவசாய பீடம் புதிதாகத் தொடங்கியது. இப்படிப்பட்ட காலத்தில் புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும். என் வயதுக்காரர் ஆயிரக்கணக்கில் பட்டம் பெற்று வெளியே வந்தோம். அன்று கதவு பூட்டியிருந்தால் எங்களில் பலர் இன்று உயிரோடு இருந்திருக்க மாட்டோம்.

1994 யூனில் இரத்தப் புற்றுநோயில் காலமானார். அறுபது வயதுகூட நிறையவில்லை. அன்றைக்கு வளாகத்தில் யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை.

கரிசல்மண் பதில்:

எல்லோருக்கும் நன்றி. பேருந்தில் வரும்போது படித்தேன், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

வடமராட்சி அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நிறைய நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பதினேழு வருடமாக அந்த மூன்று பெயர்களைப் பலகையில் எழுதுகிறேன். 1963 என்று போடுவேன், அடுத்த வரிக்குப் போய்விடுவேன். மூன்றாவது பெயர் தமிழ்ப் பெயர் என்று தெரியும், மாணவர்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். அவர் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் மிதித்தது தெரியாது. நாளைக்கு மூன்றாம் வருடத்துக்கு அந்தப் பாடம்தான்.

பாலாற்றங்கரை சார், உங்கள் அப்பா சட்டைக்குள் பணம் குத்தி வந்ததை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிண்டிமாணவன் தம்பி, உங்கள் தங்கை படித்தது போன்ற கல்லூரி ஒன்றில் நானும் ஒரு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அந்தப் பூட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நிர்வாகத்திடம் இன்று பேசினேன். பொறுப்பை ஏற்கிறேன் என்று சொல்லிவிட்டேன், இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டிருக்கிறேன். ஒன்று, வாரத்துக்கு ஒரு வகுப்பும் சனிக்கிழமை காலை ஆய்வகமும் என்னிடமே இருக்க வேண்டும். இரண்டு, கல்லூரியின் எல்லா ஆய்வகச் சாவியும் அந்தந்தத் துறையின் ஆய்வக உதவியாளரிடமே இருக்க வேண்டும், முதல்வர் அறைக்கு வரக் கூடாது. முதலாவதுக்கு உடனே சரி என்றார்கள். இரண்டாவதைக் கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.

அமராவதி மதகு ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி பாக்கி. மூன்றாவது வருடம் ஏரிக்கரையில் கண்ணால் பார்த்தேன் என்று எழுதினீர்களே, அன்றைக்கு என்ன நடந்தது? மழை எவ்வளவு, மதகு எந்த அளவு என்று நினைவிருந்தால் எழுதுங்கள். நாளை மறுநாள் நீரியல் வகுப்பு எடுக்கும் ஆசிரியைக்குக் கொடுக்க வேண்டும்.